குடும்பக் கொப்பி எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு (வரிசை வீடு) ஒன்றைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் அடுத்தவர் கையெழுத்தில்தான் இருக்கும். செக்ரோலில் (தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதியும் புத்தகத்தில்) பேர் இருக்கும், வாக்காளர் இடாப்பில் இருக்கும், டிஸ்பென்சரிப் புத்தகத்தில் இருக்கும், பிரஜாவுரிமைக் கோப்பில் இருக்கும். எல்லாமே அவரவர் தேவைக்கு, காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட பேர்கள். நாமே நம் கையால் எழுதிய கொப்பி எத்தனை வீட்டில் இருக்கிறது?

அம்மாவின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசுக்காக அலைந்த காலத்தில்தான் நான் எழுதத் தொடங்கினேன். அடையாள அட்டையில் ஒரு பேர், ஈ.பி.எப். அங்கத்தவர் அட்டையான பி கார்டில் இன்னொரு பேர், பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒவ்வொரு மேசையாகப் போனோம். ஒரு அலுவலகத்தில், “இந்தப் பெண் நீங்கள்தான் என்று நாங்கள் எப்படி நம்புவது?” என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்த மனுசி பதில் சொல்லத் தெரியாமல் நின்றதை நான் மறக்க மாட்டேன். இனி யாரும் அப்படி நிற்கக் கூடாது என்பதற்காக, ஒரு குடும்பக் கொப்பியை எப்படித் தொடங்குவது, என்னென்ன கடதாசி தேவை, எங்கே காசும் நாளும் வீணாகும் என்பதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

1. எதற்காக எழுதுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். புதுக் கொப்பி வாங்கி நாலு பக்கம் எழுதிவிட்டு நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் ஒரே பிரச்சினைதான்: எதற்கு எழுதுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. யாரோ நல்லது என்று சொன்னார்கள், எழுதினார்கள், விட்டார்கள்.

காரணம் சொந்தக் காரணமாக இருக்க வேண்டும். “சமூகத்தின் வரலாறு” என்று பெரிதாக எடுத்துக்கொண்டால் முதல் பக்கமே பயமுறுத்தும். என் காரணங்களைச் சொல்கிறேன். ஒன்று, அம்மாவின் கடதாசிகள். இரண்டு, அப்பாயி சொன்ன கதைகள். அவர் போனபோது பாதிக் கதை அவரோடு போய்விட்டது, மீதியாவது என் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவது எனக்கே எனக்கானது. மனசில் உள்ளதைச் சொல்ல ஆள் இல்லாத நாட்களில் எழுதினால் தூக்கம் வருகிறது. இந்த மூன்றாவதை யாரும் சின்னக் காரணம் என்று நினைக்க வேண்டாம். கொப்பியை வருசக் கணக்கில் உயிரோடு வைத்திருப்பது அதுதான்.

உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிக்காக எழுதலாம். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன அக்கா திரும்பி வரும்போது, அவள் இல்லாத வருசங்களில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று காட்டுவதற்கு எழுதலாம். எதுவானாலும் முதல் பக்கத்தில் இரண்டு வரியில் எழுதி, கீழே திகதி போடுங்கள். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்தால், எதை எழுதுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

2. கொப்பி, பேனை

நல்ல மட்டை போட்ட பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். சில நூறு ரூபாயோடு முடியும் செலவு. தாள் கழற்றி மாட்டும் பைலில் எழுத வேண்டாம், தாள் தொலையும். சாதாரண போல் பொயின்ட் பேனையால் எழுதுங்கள். ஜெல் பேனை அழகாகத்தான் எழுதும், ஆனால் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து ஈரத்தில் மை பரவிவிடும்.

இரண்டு கொப்பி வாங்குவது இன்னும் நல்லது. ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று உங்களுக்கு. ஏன் என்பது 7ஆவது படியில் வரும்.

3. கடதாசிகளை ஒரே இடத்துக்குக் கொண்டு வாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்குங்கள். டிரங்குப் பெட்டி, சாமிப் படத்துக்குப் பின்பக்கம், அரிசி டின், தலையணை உறை என்று எல்லா இடத்திலும் பாருங்கள். தேட வேண்டியவை இவை:

பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள். பழைய, புதிய அடையாள அட்டைகள். பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் அது. ஈ.பி.எப். பி கார்ட், பழைய சம்பளத் துண்டுகள். பாடசாலை விடுகைப் பத்திரம். பிள்ளைகளின் கிளினிக் அட்டை. சாதகம், அல்லது ஞானஸ்நானச் சான்றிதழ். தொழிற்சங்கச் சந்தாத் துண்டுகள். இந்தியாவில் இருந்து வந்த கடிதங்கள்.

கடைசியில் சொன்னதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். 1964 இலங்கை - இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய சொந்தங்கள் கோத்தகிரியில் இருந்தோ கூடலூரில் இருந்தோ போட்ட கடிதத்தில் முழுப் பேரும், விலாசமும், யாருக்கு யார் என்ன முறை என்பதும் இருக்கும். சான்றிதழில் இல்லாத உறவு கடிதத்தில் இருக்கும்.

பழைய சான்றிதழை லெமினேட் பண்ணாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து நிறையப் பேர் செய்கிறார்கள். ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே ஈரம் இருந்தால் கடதாசி அங்கேயே கெட்டுப்போகும். பிளாஸ்டிக் உறையில் தளர்வாகப் போட்டு வைத்தாலே போதும்.

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம், இந்த வேலைக்கு அதுவே நல்லது. மே மாதம் தென்மேல் பருவம் தொடங்கிவிட்டால் திறந்து வைத்த கடதாசி எல்லாம் நமுத்துப் போகும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்களுக்கு இது நேர்மாறு. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் காய்ந்த காலம்.

4. பேர் அட்டவணை போடுங்கள்

கொப்பியில் எல்லாவற்றையும் விட உபயோகமான பக்கம் இதுதான். குடும்பத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முழுப் பக்கம் விடுங்கள். மேலே வீட்டில் கூப்பிடும் பேர். அதன் கீழே, எந்தக் கடதாசியில் எந்தப் பேர் என்று எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். சிங்களத்தில் இருந்தால் சிங்களத்திலேயே பார்த்து எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளையைக் கொண்டு எழுதியுங்கள். முதலெழுத்து, பிறந்த திகதி, கடதாசி இலக்கம், அது கொடுக்கப்பட்ட திகதி, எந்த அலுவலகம் என்பதையும் சேருங்கள்.

எழுதி முடித்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். முத்துலெட்சுமி ஒரு இடத்தில் முத்தம்மா, இன்னொரு இடத்தில் வெறும் லெச்சுமி. தகப்பன் பேர் ஒரு கடதாசியில் பின்னால், இன்னொன்றில் முன்னால். பிறந்த வருசம் இரண்டு தள்ளி. செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பேர்தான் பி கார்டுக்குப் போயிருக்கும், அது வீட்டுப் பேராகவும் இருக்கலாம், பட்டப் பேராகவும் இருக்கலாம்.

வேலை செய்கிறவர்களின் பக்கத்தில் ஈ.பி.எப். அங்கத்தவர் இலக்கத்தோடு தொழில்தருநர் இலக்கத்தையும் எழுதுங்கள். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்தக் காசை எடுக்கலாம். அதுவரை இந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, சிக்கலும் அப்போதுதான் தெரியவரும். வேலையில் இருக்கும்போதே பேரைத் திருத்தினால் தோட்ட ஆபீசில் கேட்க ஆள் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு கையொப்பத்துக்கும் தனித்தனியாக அலைய வேண்டும்.

தோட்டத்தின் பேரையும் இரண்டு விதமாக எழுதுங்கள். நாம் கூப்பிடும் தமிழ்ப் பேர் ஒன்று, கடதாசியில் உள்ள பேர் வேறு. டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு) பேரும் வேண்டும். அப்பாயி சொன்ன தோட்டத்துப் பேரை வைத்துப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போன பிறகு சில டிவிசன்கள் வேறு தோட்டத்தோடு சேர்ந்தும் இருக்கின்றன.

5. இல்லாத சான்றிதழை எடுப்பது

பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். விண்ணப்பப் படிவம் அங்கேயே கிடைக்கும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாமல், இந்த வருசத்தில் இருந்து இந்த வருசம் வரை தேடித் தாருங்கள் என்று கேட்டால் கூடும். உண்மையில் பெரிய செலவு கட்டணம் இல்லை, போகிற அன்றைக்குச் செக்ரோலில் விழாத பேர். ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, சாப்பாடு. எனவே ஒரே பயணத்தில் முடிகிற மாதிரிப் போங்கள்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முழுப் பேர், பிறந்த திகதி, தோட்டம், டிவிசன், தகப்பன் பேர், தாயின் பேர். கூடப்பிறந்தவர் ஒருவரின் சான்றிதழ் இருந்தால் கட்டாயம் கொண்டு போங்கள். பதிவேட்டில் தாய் தகப்பன் பேர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று அதில் தெரியும், தேடுகிறவருக்கும் வேலை சுலபம். உரிய உத்தியோகத்தர் அன்றைக்கு இருப்பாரா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பழைய பதிவுகள் சில, பிரதேச செயலகப் பிரிவு பிரிக்கப்படுவதற்கு முன்பு இருந்த அலுவலகத்திலேயே கிடக்கலாம். அதையும் அதே அழைப்பில் கேளுங்கள். தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தயங்காமல் தமிழிலேயே கேளுங்கள்.

சான்றிதழில் பேர்க் கூடு வெறுமையாக இருந்தால் பயப்பட வேண்டாம். பிறந்த உடனே பதிந்து, பேர் பிறகு வைத்ததால் அப்படி இருக்கும். பேரைச் சேர்க்கவும், பிழையைத் திருத்தவும் வழி இருக்கிறது. பதிவே இல்லை என்றால், தேடியும் கிடைக்கவில்லை என்ற கடிதத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் அடுத்த படி நகராது. அதற்குப் பிறகுதான் காலங்கடந்த பதிவோ, உத்தேச வயதுச் சான்றிதழோ. அதற்குப் பாடசாலைச் சேர்விடாப்பு, சாதகம், ஞானஸ்நானப் பதிவு, கூடப்பிறந்தவர்களின் சான்றிதழ்கள் உதவும். 3ஆவது படியை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இதெல்லாம் கையிலேயே இருக்கும்.

சத்தியக் கடதாசி தேவைப்பட்டால் சமாதான நீதவான் ஒருவரிடம் போகலாம். நகரத்தில் அலுவலக வாசலில் நின்றுகொண்டு “எல்லாம் முடித்துத் தருகிறேன்” என்பவரிடம் மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள். போட்டோ கொப்பி கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் போனால், பக்கத்துக்கு எவ்வளவு என்று முதலே கேளுங்கள், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த மொழிபெயர்ப்பை அலுவலகம் ஏற்காது, காசு போனது போனதுதான்.

6. பெரியவர்களிடம் கேட்பது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். சான்றிதழை அடுத்த வருசமும் எடுக்கலாம்.

நல்ல நேரம் தீபாவளியும் சித்திரைப் புத்தாண்டும். கொழும்பில் இருப்பவர்களும் வந்து நிற்பார்கள், ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துச் சொல்வார். கொழுந்து நிறைய வரும் மாதங்களில் வேலை முடிந்து வந்தவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். அவருக்குக் கால் வலிக்கும்.

“எந்த வருசம் பிறந்தீங்க?” என்று கேட்டால் பதில் வராது. அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: “1974 பஞ்சத்துல நீங்க வேலைக்குப் போயிட்டீங்களா, பிள்ளைக் காம்பராவுல இருந்தீங்களா?” “83 கலவரத்தப்ப அண்ணன் பிறந்துட்டாரா?” “ஜனவசம காலத்துல கல்யாணமா, கம்பனி வந்த பிறகா?” (பிள்ளைக் காம்பரா என்பது வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், ஜனவசம என்பது கம்பனிக்கு முன்பு தோட்டங்களை நடத்திய அரச அமைப்பு.) எந்தத் துரை (தோட்ட மனேஜர்) இருந்தார், எந்த வருசத்துக் காமன் கூத்தில் யார் ரதி வேசம் கட்டினார் என்பதுகூட உதவும். இரண்டு மூன்று பதிலைச் சேர்த்தால் வருசம் தானாக வந்துவிடும். அதைக் கொப்பியில் “ஏறத்தாழ 1968” என்றே எழுதுங்கள். நிச்சயமாகத் தெரியாததை நிச்சயம் மாதிரி எழுதினால் பிறகு அதுவே உங்களுக்கு எதிராக வரும்.

1977, 1983 இனக் கலவரங்களைப் பற்றிக் கேட்கும்போது நிதானம் வேண்டும். சிலர் வீட்டையும் ஆளையும் இழந்தவர்கள். அவர்கள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். தேத்தண்ணி போடுங்கள், வேறு பேசுங்கள்.

போனில் குரலைப் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் கேட்டு அனுமதி வாங்குங்கள். தொடக்கத்தில் திகதியையும் பேசுகிறவர் பேரையும் உங்கள் வாயால் சொல்லுங்கள், பல வருசத்துக்குப் பிறகு யார் குரல் என்று குழம்பாமல் இருக்கும். பதிவுதான் இருக்கிறதே என்று நினைத்து, கொப்பியில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அன்று இரவே அரைப் பக்கமாவது எழுதுங்கள். போன் விழுந்து உடையும், விற்கப்படும், தண்ணீரில் போகும்.

அவர்கள் சொல்லும் சொல்லை மாற்றாதீர்கள். பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), மட்டக்கம்பு (கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு), அரைப் பேர் (அரை நாள் சம்பளம்), ஸ்டோர் (தேயிலை ஆலை) என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றினால், பேசினவர் அந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார். தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் முதலில் அதை எழுதுங்கள். கதையை வேறு ஒருவர் சொல்லக்கூடும், அந்தப் பாட்டு அவர் வீட்டுக்கு மட்டும் உரியது.

7. உங்களுடைய நாட்கள்

இரண்டாவது கொப்பி இதற்குத்தான். ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, விட்ட நாளுக்கு வருத்தப்பட்டுக் கொப்பியையே விட்டுவிடுவதுதான் பெரிய நட்டம். மழை, கொழுந்து விலை, பிள்ளையின் காய்ச்சல், யாரோடு பேசினேன், எதற்கு அழுதேன், எல்லாம் எழுதலாம். பிழை இல்லாமல் எழுத வேண்டும் என்று இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத எழுதத்தான் என் தமிழ் நேரானது, அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத இப்போது யாரிடமும் போய் நிற்பதில்லை.

8. தனியாக வைக்க வேண்டியவை

கடன், குடும்பச் சண்டை, ஒரு பெண்ணின் பழைய கதை, யாருடைய நோய் போன்றவற்றைக் குடும்பக் கொப்பியில் எழுதாதீர்கள். அதை எல்லோரும் திறப்பார்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் உங்கள் கொப்பியில் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர் “இதை எழுதாதே” என்றால் எழுத வேண்டாம், அவருடைய கதை அது. வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கம், கடவுச்சொல் எதையும் இரண்டு கொப்பியிலும் எழுத வேண்டாம்.

9. பிரதிகள்

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. உயிரோடு வெளியே வந்தவர்கள் பலரிடம் அடையாள அட்டைகூட இல்லை. சரிவான இடத்தில் வாழும் நாம் கடதாசிகளின் ஒரே பிரதியை ஒரே காம்பராவில் வைத்திருக்கக் கூடாது.

எல்லாச் சான்றிதழுக்கும் ஒரு போட்டோ கொப்பித் தொகுப்பு எடுங்கள். பேர் அட்டவணைப் பக்கங்களையும் அதோடு சேருங்கள். அதை வேறு தோட்டத்திலோ நகரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், ஒவ்வொரு கடதாசியையும் போனில் படம் பிடியுங்கள். இரண்டு பக்கமும் வேண்டும், முத்திரையும் குறிப்பும் பல நேரம் பின்பக்கத்தில்தான் இருக்கும். படங்களைக் குடும்பத்தில் இன்னும் இருவருக்கு அனுப்பி, சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு முறை அனுப்புங்கள்.

மூலப் பிரதிகள் ஒரு பையில், கதவுக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். மழை எச்சரிக்கை வந்தால் வீட்டில் யார் அந்தப் பையை எடுப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். யாரும் இல்லாத நேரம் என்றால் அதை விட்டுவிடுங்கள், அதற்காக உள்ளே ஓடக் கூடாது. பிரதி வேறு இடத்தில் இருப்பது அதற்காகத்தான்.

பழைய படங்களையோ கடிதங்களையோ பொதுவில் கொடுக்க விருப்பம் இருந்தால், தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் நூலக நிறுவனம் போன்ற இடங்களை அணுகலாம். மூலத்தைக் கொடுக்காமல், படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருமாறு கேளுங்கள்.

வருசத்துக்கு ஒரு முறை, தைப்பொங்கல் கழிந்த வாரத்தில், பையைத் திறந்து வெயில் காட்டுங்கள். புதிதாக வந்த கடதாசிகளைப் பேர் அட்டவணையில் ஏற்றுங்கள். அந்த வருசம் பிறந்த பிள்ளைக்கு ஒரு புதுப் பக்கம் ஒதுக்கி, பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பேர்கள் அவர்களுடைய அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த மாதமே திருத்த விண்ணப்பியுங்கள்.